பார்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும்

1

வருகிற திங்கட்கிழமையோடு மனுவேலுக்கு மூன்று விரல்கள் போய் ஒரு வருஷம் முடிகிறது.

பாரிஸுக்கு வடக்கே, ரயிலில் இருபது நிமிஷத் தொலைவில், தகர டப்பா செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவனும் நானும் வேலை பார்த்தோம். மனுவேல் போர்த்துகல்காரன். டப்பா மூடிகளை வெட்டியெடுக்கும் பிரஸ் மெஷினில் நின்றான். எனக்கு அடுத்த மெஷின். ஒருவருக்கு ஒருவர் முதுகைக் காட்டி நிற்கும்படி மெஷின்களைப் போட்டிருந்தார்கள். மூன்று வருஷம் அப்படி நின்றோம். அவன் முகத்தைவிட அவன் மெஷினின் சத்தம்தான் எனக்கு நன்றாகப் பழக்கம். அந்தச் சத்தம் ஒரு நாள் பாதியில் நின்றது.

ஊரில் மாதப் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்க்கும் சமயம் வருகிறதாம். தத்துவப் பாடத்தை யாரும் சீந்துவதில்லையாம். அதைப் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம், என்ன நன்மை என்று நான்கு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார். தத்துவம் படித்து வெளிநாடு வரைக்கும் போனவன் நான் ஒருவன்தானே என்றும் எழுதியிருந்தார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். வேலைகளின் பட்டியல் பத்து வரியில் முடிந்துபோனது. அதற்குமேல் எழுதப் போனால் பயம்தான் வருகிறது. அந்தப் படிப்பைப் படித்த மூன்று வருஷமும் பயந்தேன். படித்து முடித்தும் பயந்தேன். அதைப் பயன்படுத்திய ஒரே ஒரு நாளில் எல்லா நாளையும்விட அதிகமாகப் பயந்தேன். அந்தக் கதையைத்தான் என்னால் ஒழுங்காக எழுத முடியும்.

2

எனக்கு மரக்காணம். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. மேஸ்திரி என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டு ஆளை எண்ணிக் குத்தகைக்காரரிடம் சொல்ல வேண்டும். பிறகு அவரும் பாத்தியில் இறங்கிப் பலகை போட்டு உப்பை வாருவார். எழுதப் படிக்கத் தெரியாது. எழுபது எண்பது பெயரை மனப்பாடமாக வைத்திருந்தார். வெள்ளை உப்பில் அடிக்கும் வெயிலைப் பார்த்துப் பார்த்து நாற்பது வயதிலேயே அவருக்குக் கண் கலங்கிக்கொண்டே இருக்கும்.

அவருடைய ஆசை ஒன்றுதான். உப்பு ஆபீசில் மேஜைக்குப் பின்னால் நான் உட்கார வேண்டும். அந்த ஆபீசின் ஜன்னல் வழியாக உள்ளே மின்விசிறி சுற்றுவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார்.

பி.யூ.சி.யில் எனக்கு மார்க் குறைவு. சென்னையில் நான் போன கல்லூரியில் வேதியியல் இல்லை என்றார்கள், பொருளாதாரம் இல்லை என்றார்கள். தத்துவத்தில் இடம் இருக்கிறது, வேண்டுமானால் சேர்ந்துகொள், ஒரு வருஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். சேர்ந்தேன்.

ஊருக்கு வந்து சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி:

"அது படிச்சா இன்னா வேல குடுப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லப் பயமாக இருந்தது. ஆபீசர் வேலைக்கு அதைத்தான் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டேன். அப்பா திரும்பவும் கேட்கவில்லை. மறுநாள் காலை பெயர் கூப்பிட்டு முடித்ததும் பாத்தி ஓரத்தில் நின்ற அத்தனை பேரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எதிரே யார் வருகிறார்கள் என்று பார்ப்பேன். ஆபீசர் படிப்பு எந்த மட்டில் இருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்பார். கேட்பவர்களுக்கு என்மேல் பொறாமை கிடையாது. நிஜமாகவே சந்தோஷப்பட்டார்கள். அதனால் இன்னும் பயந்தேன்.

3

வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் வேறு பாடத்துக்கு மாறிவிடக் காத்திருந்தோம். ஒருத்தி மட்டும் தானாகக் கேட்டு வந்தவள். பாண்டிச்சேரிக்காரி, பெயர் தெரேஸ். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. அவள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கடைசி வருஷம் எல்லோரும் கட்டாயமாகத் தத்துவம் படிக்க வேண்டுமாம். டாக்டருக்குப் போகிறவனும் படிக்க வேண்டுமாம். நான் நம்பவில்லை. இவள் தன் மார்க்கை மறைக்கப் புளுகுகிறாள் என்று நினைத்தேன். பிற்பாடு அவளையே கல்யாணம் செய்துகொண்டேன்.

அந்த மூன்று வருஷத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய பாடம் ஒன்று உண்டு. இந்தியத் தத்துவத்தில் அனுபலப்தி என்பார்கள். இந்த அறையில் பானை இல்லை என்பது உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி. பார்த்தேன், தெரியவில்லை, ஆகவே இல்லை என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது போதாது. வெளிச்சம் இருந்ததா? பானை இருக்கக்கூடிய பக்கம் திரும்பிப் பார்த்தாயா? பானை அங்கே இருந்திருந்தால் உன் கண்ணுக்குக் கட்டாயம் பட்டிருக்குமா? இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பானை இல்லை என்று சொல்லலாம். இல்லாவிட்டால் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். அதற்குமேல் ஒரு சொல் சொல்லக்கூடாது.

ஹாஸ்டலில் இரண்டு நாள் இதையே பேசினோம். பொருளாதாரத்துக்கு மாறும் விண்ணப்பம் என் பெட்டியிலேயே கிடந்தது. அதை நான் கொடுக்கவே இல்லை. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பானைக்காக நின்றுவிட்டேன் என்று சொல்ல முடியுமா?

அந்த ஒன்பது பேர் என்ன ஆனார்கள் என்பதைப் பத்திரிகை நண்பருக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் பரீட்சை எழுதி வங்கியில் சேர்ந்தார்கள். ஒருவர் சட்டம் படித்து இப்போது செங்கல்பட்டில் வக்கீல். தர்க்கம் படித்தது கோர்ட்டில் உதவுகிறது, ஆனால் நீதிபதிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினார். ஒருவர் போலீசில் சப் இன்ஸ்பெக்டர். ஒருவர் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார். ஒருவர் நூலகத்தில் இருக்கிறார், எங்கள் எல்லோரிலும் நிம்மதியானவர் அவர்தான். ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை. மீதி தெரேஸும் நானும்.

படிப்பு முடிந்ததும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய அப்பாவும் கூட வந்தார். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், இந்தப் பாடத்தைக் கேட்டு இதுவரை எந்த ஆபீசிலிருந்தும் ஒரு கடிதம்கூட வந்தது கிடையாது, டைப்பும் படித்து வையுங்கள் என்றார். அப்பா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

திண்டிவனத்தில் பஸ் மாறினோம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அடிப்பார், திட்டுவார் என்று காத்திருந்து காத்திருந்து எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது. ஊரில் இறங்கியதும் எதிரே வந்த ஒருவர், போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்பா நிதானமாகச் சொன்னார்:

"ஆர்டர் போட்டுட்டாங்க. வர கொஞ்ச நாள் ஆவும்னாங்க."

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பொய் எனக்கு மட்டும் சொந்தமானதாக இல்லை.

4

பிரான்சுக்கு வந்தது எழுபத்தைந்தில். தெரேஸுக்கு மருத்துவமனையில் துணிகளைக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது, எனக்குத் தகர டப்பா. வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் 'கம்பெனியில் இருக்கிறேன்' என்று மட்டும் எழுதுவேன். அதைப் படித்துக் காட்டுவது என் தங்கை அஞ்சலை. கம்பெனி என்றால் ஆபீசர் என்று அப்பா ஊரில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இங்கே வருஷத்துக்கு ஒரு முறை குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். விடிவதற்குள் போய் வரிசையில் நிற்க வேண்டும். முதல் வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா என் காகிதங்களை வாங்கும்போது என் கை நடுங்கியது. ஏன் நடுங்குகிறீர்கள் என்று கேட்டார். எனக்குப் பயம் என்று சொல்ல நினைத்தேன். பிரெஞ்சில் பயத்துக்கு 'பெர்' மாதிரி ஒரு சொல், அப்பாவுக்கு 'பேர்' மாதிரி ஒரு சொல். பயத்துக்கு உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்ல வேண்டும். நான் குவிக்கவில்லை. எனக்கு அப்பா இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். என்னைச் சார்ந்து பிரான்சுக்கு வரப்போகும் ஒருவர் என்று அப்பாவின் பெயர் ஏதோ ஒரு படிவத்தில் ஏறியது. அவர் வரவில்லை, மரக்காணத்தில் உப்பு வாருகிறார் என்று நிரூபிக்க மூன்று மாதம் காகிதம் கொடுத்தோம்.

மகள் எழிலுக்கு இப்போது மூன்றரை வயது. அந்த இரண்டு சொல்லையும் என் வாயருகே வாயை வைத்துச் சொல்லிக் காட்டுகிறாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். அவள் என்னை விட்டுப் போக இன்னும் பல வருஷம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவள் இப்போதே புறப்பட்டுவிட்டாள் என்று சில நாள் தோன்றும்.

5

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மனுவேலின் மெஷின் சத்தம் நின்றது. ஒரு நொடி கழித்து மனுவேலின் குரல் கேட்டது. திரும்பினேன். தரையில் அவன் உட்கார்ந்திருந்தான், வலது கையை இடது கையால் மார்போடு பிடித்திருந்தான். அதற்குள் நான்கைந்து பேர் ஓடிவந்து மெஷினை மறைத்துக்கொண்டார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் எங்களில் ஐந்து பேரை ஒவ்வொருவராக மேலாளரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். பிரஸ் மெஷினில் கை உள்ளே போகாதபடி ஒரு காப்புத் தகடு இருக்கும். வேலை வேகமாக நடக்க அதை முதல் நாளே மேற்பார்வையாளர் கழற்றச் சொன்னார் என்பது மனுவேல் சொல்வது. தகடு மாட்டித்தான் இருந்தது, மனுவேல் தானாகவே கழற்றிவிட்டான் என்பது தொழிற்சாலை சொல்வது.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். தகடு இல்லாமல் மெஷின் ஓடியதைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். நல்லது என்று ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. கீழே என் பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் வரியில் நான் அடுத்த மெஷினில் இருந்தேன் என்று இருந்தது. இரண்டாவது வரியில், விபத்தின்போது காப்புத் தகடு இருந்தது என்று இருந்தது.

நான் பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன், இருந்தது என்று சொல்லவில்லையே என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர். இல்லாததை நீ பார்க்கவில்லை என்றால் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஹாஸ்டலில் இரண்டு நாள் பேசிய அதே பானை. நான் அந்தப் பக்கம் திரும்பியே நிற்கவில்லை. தகடு இருந்திருந்தாலும் என் கண்ணில் பட்டிருக்காது, இல்லாவிட்டாலும் பட்டிருக்காது. இதை என் பிரெஞ்சில் அவருக்கு எப்படிச் சொல்வது? வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்க்கிறேன் என்றேன். சரி, நாளைக்குக் கொண்டு வா, மற்ற நான்கு பேரும் போட்டுவிட்டார்கள் என்றார். வாசல் வரை வந்தபோது, உன் அட்டையை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டார். அடுத்த மாதம் என்றேன். அதற்கு முதலாளியின் சான்று வேண்டும் இல்லையா என்றார்.

6

வேலை விட்டு நேராக மருத்துவமனைக்குப் போனேன். மனுவேல் படுத்திருந்தான். அவன் மனைவி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கையெழுத்துப் போடவில்லை என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அப்படியானால் தகடு இல்லை என்று நீயே எழுதிக் கொடு என்றான். நான் பார்க்கவில்லையே என்றேன். நான் சொல்வதை நீ நம்பவில்லையா என்று கேட்டான். நம்புகிறேன், ஆனால் பார்த்தேன் என்று எழுத முடியாது என்றேன்.

மனுவேல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மனைவி எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போகும்வரை அப்படியே நின்றாள்.

வீட்டுக்கு வந்து தெரேஸிடம் காகிதத்தைக் கொடுத்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். அவளும் அதே வகுப்பில் உட்கார்ந்தவள்தான், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அப்போது வயிற்றில் இரண்டாவது குழந்தை, நான்கு மாதம்.

"பாக்கலன்னா பாக்கலன்னு எழுது," என்றாள். திரும்பவும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "ஆனா வேல போச்சுன்னா நான் உன்ன ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்னு மட்டும் நெனைக்காத. சொல்லுவேன். எனக்குப் பயமா இருக்குது," என்றாள்.

எனக்கும்தான் என்றேன். அன்றைக்குச் சாப்பிட்ட குழம்பில் உப்புப் போட்டிருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

நானே ஒரு தாளில் எழுதினேன். தெரேஸ் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினாள், வாக்கியத்தைத் தொடவில்லை. விபத்தின்போது என் முதுகு அந்த மெஷின் பக்கம் இருந்தது. தகடு இருந்ததை நான் பார்க்கவில்லை. தகடு இல்லாததையும் நான் பார்க்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து இரண்டையும் பார்த்திருக்க முடியாது. இவ்வளவுதான். கீழே கையெழுத்து.

மறுநாள் காலை அதைக் கொடுத்தபோது மேலாளர் இரண்டு முறை படித்தார். நீ எங்கே படித்தாய் என்றார். சென்னையில், பல்கலைக்கழகப் பட்டம் என்றேன். என்ன பாடம்? தத்துவம் என்றேன். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தத்துவம் படித்துவிட்டு என் பிரஸ்ஸில் நிற்கிறாயா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அந்தக் காகிதத்தை அவர் கிழிக்கவும் இல்லை. மற்ற நான்கோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார். நல்லவரா கெட்டவரா என்று என்னால் இன்றைக்கும் முடிவு செய்ய முடியவில்லை.

7

பதினைந்து நாளில் என்னை நிறுத்திவிட்டார்கள். ஆள் குறைப்பு என்று காரணம் எழுதியிருந்தது. ஆள் குறைந்தது ஒன்றுதான்.

அட்டை அலுவலகத்தில் முதலாளியின் சான்று இல்லாமல் என் காகிதங்களை வாங்கவில்லை. மனைவி பிரெஞ்சுக் குடிமகள் என்றேன். அப்படியானால் வேறு படிவம், வேறு மாடி என்றார்கள். அந்த மாடியில் கல்யாணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு பழசாகிவிட்டது என்றார்கள். கல்யாணம் எப்படிப் பழசாகும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக ஒரு துண்டுச்சீட்டுக் கொடுத்தார்கள். அதை மடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ரயில் நிலையத்தில் போலீஸைக் கண்டால் சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் படிப்பதுபோல் நிற்பேன். எழிலை மழலையர் பள்ளியில் விடப்போகும்போது, நான் திரும்ப வரமாட்டேனோ என்று நினைத்துத் தேவைக்கு அதிகமாக அவளை அணைத்துக்கொள்வேன். அவள் நெளிந்துகொண்டு உள்ளே ஓடிவிடுவாள்.

தெரேஸ் சொன்னபடியே சொன்னாள். ஒரு வார்த்தை அல்ல, பல நாள் சொன்னாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஐந்து மாத வயிற்றோடு நின்றுகொண்டு துணி எண்ணினாள்.

என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால் மரக்காணத்தில் போய் இறங்கும்போது அப்பா என்ன சொல்லிச் சமாளிப்பார்? அந்த நினைப்பு வந்த பிறகுதான் வீட்டுக்கு உண்மையை எழுதினேன். ஆபீசர் என்று சொன்னது பொய், மெஷினில் நின்றேன், இப்போது அதுவும் இல்லை, ஏன் இல்லை என்று எல்லாவற்றையும் எழுதினேன். அஞ்சலை, அப்பா தனியாக இருக்கும்போது படித்துக் காட்டு என்று மேலே எழுதினேன். தபால்பெட்டியில் போட்டுவிட்டு, திரும்ப எடுக்க முடியுமா என்று பெட்டியின் வாய்க்குள் பார்த்தேன்.

8

தொழிலாளர் ஆய்வாளர் விசாரணைக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயதுப் பெண்மணி, பேச்சுக் குறைவு. எங்கள் ஐந்து பேரின் காகிதங்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார். நான்கில் ஒரே வாக்கியங்கள், கமா வரை ஒன்றாக இருந்தன. என்னுடையது மட்டும் வேறு.

நான் முன்பு எழுதியதையே திரும்பச் சொன்னேன். உங்கள் சாட்சியால் யாருக்கும் உதவியில்லையே என்றார். ஆமாம் என்றேன். அவர் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு மற்ற நான்கு பேரையும் தனித்தனியே கூப்பிட்டு, நீங்கள் எங்கே நின்றீர்கள், முகம் எந்தப் பக்கம் இருந்தது, அங்கிருந்து தெரியுமா என்று கேட்டிருக்கிறார். அல்ஜீரியாக்காரர் பெல்காசெம் எங்களில் வயதானவர். தனக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது, கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டதாகச் சொன்னார். தகட்டை முதல் நாள் மேற்பார்வையாளர் கழற்றச் சொன்னபோது தான்தான் திருகாணிகளைக் கழற்றிக் கொடுத்ததாகவும் சொன்னார். தப்பு தொழிற்சாலையுடையது என்று அறிக்கை வந்தது.

மனுவேல் என்னிடம் இன்றுவரை பேசவில்லை. ரயிலில் ஒரு முறை எதிரெதிரே உட்கார்ந்தோம். கையை மேல்சட்டைக்குள் விட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டியபோது அவன் பக்கம் நிற்காதவன் நான். அவனைப் பொறுத்தவரை அது சரிதான்.

அவனுக்காக வந்த வக்கீல் அம்மா, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் ஒரு சங்கத்தில் இருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். எங்களிடம் வருபவர்கள் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள், போடும் முன் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார். வாரத்தில் மூன்று நாள். ஆறு மாதமாக அந்த வேலையில்தான் இருக்கிறேன். அட்டையும் ஒரு வருஷத்துக்கு வந்துவிட்டது. பையன் பிறந்துவிட்டான். தெரேஸ் திட்டுவதை நிறுத்திவிட்டாள், ஆனால் தபால்காரர் நீளமான உறையோடு வந்தால் இருவருமே பேச்சை நிறுத்திவிடுகிறோம்.

தத்துவம் படித்தால் இப்படி ஒரு வேலையும் கிடைக்கும் என்று நண்பருக்குச் சொல்லலாம். இதைப் பட்டியலில் எந்தப் பெயரில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

9

நான் உண்மையை எழுதிய கடிதத்துக்கு அப்பாவிடமிருந்து மாதக்கணக்கில் பதில் இல்லை. தலைமுழுகிவிட்டார் என்றே நினைத்தேன். போன மாதம் வந்தது. அப்பா சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருப்பதாக அஞ்சலை மேலே எழுதியிருந்தாள்.

"ஏழுமல, நீ எழுதனத அஞ்சல படிச்சா. பல தபா படிக்கச் சொன்னேன். நீ ஆபீசர் இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும்டா. கொழந்தைய மடியில வெச்சிக்கினு ஒரு போட்டோ அனுப்புன இல்ல, அதுல உன் நகத்தப் பாத்தேன். ஆபீசர் நகம் அப்பிடி இருக்காது. நான் யாருக்கும் சொல்லல.

நீ செஞ்சது எனக்குப் பயமா இருக்குது. ஊர் பேர் தெரியாத எடத்துல மொதலாளிய எதுத்துக்கினு நிக்காத. ஆனா ஒண்ணு சொல்லணும். பெருமுக்கல்லுல இருந்து குப்பம்மான்னு ஒரு பொம்பள நம்ம பாத்திக்கு வரும். நீ மெட்ராஸ்ல படிச்சிக்கினு இருந்தப்போ, சித்திர மாசத்து வெயில்ல பாத்தியிலயே வுழுந்து செத்துப்போச்சு. அன்னிக்கி அது வேலைக்கே வரலன்னு குத்தகைக்காரரு காயிதம் எழுதிக்கினு வந்தாரு. பேரு கூப்புட்றவன் நான். கைநாட்டு வெச்சேன். காத்தால நான்தான் அது பேரக் கூப்புட்டேன். இருக்கேன்னு சொல்லிச்சு. உன் படிப்புக்கு என் வேல வேணும்டா. அதனால வெச்சேன்."

அதோடு அப்பா நிறுத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். மறுநாள் பெருமுக்கல்லுக்குப் பஸ் ஏறிக் குப்பம்மாவின் கணவரைப் பார்த்துவிட்டு வந்தாராம். அங்கே என்ன பேசினார்கள் என்று அஞ்சலைக்குச் சொல்லவில்லை.

கடிதம் வந்து சேரப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் அங்கே என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். குத்தகைக்காரருக்கு ஆள் இருக்கிறது. குப்பம்மாவுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் அப்பாவை என்ன செய்வார்களோ? அவர் பாட்டுக்குப் பயந்துகொண்டே நன்றாக இருந்தவர். நான் எழுதிய கடிதம் அல்லவா கெடுத்தது?

நேற்று அஞ்சலையின் அடுத்த கடிதம் வந்தது. குப்பம்மாவின் கணவரும் பெரிய மகனும் வந்து அப்பாவை உப்பு ஆபீசுக்குக் கூட்டிப்போனார்களாம். அதற்கு மறுநாளே குத்தகைக்காரர் அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது பக்கத்துக் கிராமத்தில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கப் போகிறாராம். சாயங்காலம் நடந்தே வீட்டுக்கு வருகிறாராம். வழியில் யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அவர் வரும்வரை அஞ்சலை வாசலிலேயே நிற்கிறாளாம்.

ஆபீசில் நடந்ததை அவளே கூட இருந்து பார்த்ததாக எழுதியிருக்கிறாள். அப்பா சொன்னதை எழுதிக்கொண்டு கைநாட்டு வைக்கச் சொன்னார்களாம். படித்துக் காட்டினால்தான் வைப்பேன் என்று அப்பா நின்றாராம். குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே படித்தாராம். குப்பம்மா அன்று வேலைக்கு வந்திருந்ததாக அறிகிறேன் என்று ஒரு வரி இருந்ததாம். அப்பா அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாராம்.

"அறியறது இல்லீங்க, பாத்தேன். அப்பிடி மாத்திப் போடுங்க."

அவர்கள் அடித்துவிட்டு எழுதி, அந்த வரியை இன்னொரு முறை படித்துக் காட்டிய பிறகுதான் அப்பா கட்டைவிரலை நீட்டினாராம்.